பதினொரு மணிக்குப் பிறகு ஒரு தங்கச்சி

"வண்டியை எடுக்காதீங்க!"

கதவை மூடப் போன கம்ஷத்தின் விரல் பொத்தான் மேலேயே நின்றது. மழைக்குள்ளிருந்து ஒருவன் ஓடிவந்து, மின்கம்பியில் ஓடும் அந்த டிராலி பஸ்ஸில் ஏறினான். நனைந்த தலை, மேலே ரோந்துக்காரர்களின் ஆரஞ்சு நிற மேல்சட்டை. அவன் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு சிறுவர் பிரிவுப் போலீஸ் மேஜர் ரௌஷான்.

கம்ஷத் திரும்பிப் பார்க்கவில்லை. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில்தான் பார்த்தாள். அதில் அவன் முகம் முழுதாகத் தெரியவில்லை... கண்கள் மட்டும். இமையில் ஒரு மழைத்துளி, விழட்டுமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு...

'கண்ணைப் பார்த்தா நல்லவன் மாதிரிதான் இருக்கு' என்று நினைத்து முடிப்பதற்குள் அந்தக் கண்கள் கடைசி இருக்கைக்குப் போயின. அங்கே ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள் அவள் தங்கை தில்னாஸ்.

"பாப்பா, வயசு என்ன?"

"ப... பதினாறு."

"கூட யாரு வந்திருக்காங்க?"

"வண்டி ஓட்டறாங்களே, அவங்கதான். எங்க அக்கா."

கம்ஷத் இருக்கையை விட்டு எழுந்து வந்தாள். "என்ன பிரச்னை? அவ என்கூட வர்றா."

"மணி பதினொண்ணு தாண்டிடுச்சுங்க. பதினெட்டு வயசு ஆகாதவங்க அப்பா அம்மாவோ, சட்டப்படி பொறுப்பாளரோ இல்லாம வெளியே இருக்கக் கூடாது."

"நான்தான் இருக்கேனே!"

"அக்கான்னா பொறுப்பாளர்னு சட்டத்துல இல்லைங்க."

"ஓஹோ! அப்போ இவளுக்குச் சோறு போட்டு, தலை பின்னிவிட்டு, கணக்கு சொல்லிக் கொடுக்கறது யாராம்? உங்க சட்டமா?"

"கணக்கு நீங்க சொல்லித் தர்றீங்களா? அதான் குழந்தை இவ்வளவு பயந்து போயிருக்கு."

தில்னாஸ் களுக்கென்று சிரித்தாள். துரோகி!

அவன் சிரிக்கவில்லை. குரலைத் தணித்துச் சொன்னான்: "கோவப்படாதீங்க. நீங்க முன்னாடி ரோட்டைப் பார்த்து ஓட்டறீங்க. பின்னாடி இவ பக்கத்துல ஒரு குடிகாரன் வந்து உக்காந்தா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் சொன்னது நிஜம். நிஜம் என்பதாலேயே கம்ஷத்துக்கு இன்னும் கோபம் வந்தது.

அப்பா மேற்கே எண்ணெய் வயலில். அம்மா அதே முகாமில் சமையல். ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் வீட்டில். அவர்கள் இல்லாத மாதங்களில் தில்னாஸ் தனியாகத் தூங்கப் பயப்படுவாள். அதனால் அக்காவின் கடைசி நடை முடியும்வரை பஸ்ஸிலேயே பாடம் படித்து, பஸ்ஸிலேயே தூங்குவாள். இதை எல்லாம் ஒரு அந்நியனிடம் சொல்வதா? அவள் சொல்லவில்லை. தில்னாஸ் சொல்லிவிட்டாள்.

மேஜர் ரௌஷான் அப்பாவைப் போனில் பிடித்துப் பேசினாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"முதல் தடவை, எச்சரிக்கையோட விடறேன். மறுபடி மாட்டினா உங்கப்பா அம்மா மேல கேஸ் வரும். புரியுதாம்மா?"

"புரியுது."

அத்தோடு இறங்கியிருக்கலாம். ஆனால் ரௌஷான் முப்பது கல்யாணங்களை முடித்துவைத்ததாகச் சொல்லிக்கொள்ளும் பெண்மணி. முறைத்துக்கொண்டு நிற்கும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தௌரென், இவ முறைக்கிற அழகைப் பாருடா! ஏம்மா, உனக்குக் கல்யாணம் ஆச்சா?"

"அக்கா, டூட்டியில இருக்கோம்..." என்று அவன் நெளிந்தான்.

"நீ சும்மா இரு. புவியியல் வாத்தியார்ம்மா இவன். இந்த வாரம் ரோந்துக்கு அவங்க பள்ளிக்கூடத்து முறை. தங்கமான பையன். நைமன் குலம், மத்தாய் கிளை. நீ எந்தக் குலம்?"

பெயரைக் கேட்பது போலத்தான் இங்கே கஜகஸ்தானில் குலத்தைக் கேட்பார்கள். ஏழு தலைமுறைப் பாட்டன்மாருக்குள் ரத்தம் ஒன்றாகிவிட்டால் கல்யாணம் என்ற பேச்சே கிடையாது. ஒரே கிளை என்று தெரிந்தாலே அண்ணன் தங்கை ஆகிவிடுவார்கள். கேட்டவர் வாயை மூடிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

'போகட்டும்... என் தங்கச்சியைப் பயமுறுத்திவிட்டு எனக்கு மாப்பிள்ளையா?'

"நானும் மத்தாய்தான்" என்றாள் கம்ஷத்.

பொய்! அவள் அல்பான் குலம். தில்னாஸ் வாயைத் திறந்தாள். கம்ஷத் அவள் காலை மிதித்தாள்.

"அட... பாழாப்போச்சு" என்று ரௌஷான் இறங்கிப் போனாள்.

ஆனால் அவன்... அவன் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்து, வேறொன்று எரிந்தது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே, தங்கச்சி" என்றான். 'நீங்க' ஒரே நொடியில் 'நீ' ஆகிவிட்டது. "அப்பா அம்மா ஊர்ல இல்லைன்னா அண்ணன் பார்த்துக்கறேன். கவலைப்படாம போய்ச் சேரு."

தங்கச்சியாம்! வீடு வரும்வரை அந்தச் சொல் அவள் காதில் ரீங்கரித்தது.

மறுநாளிலிருந்து மாடி வீட்டு சௌலே அக்கா வந்து தில்னாஸுக்குத் துணையாகப் படுத்தாள். ஆனால் அது எத்தனை நாளைக்கு?

அந்த வாரத்திலேயே கம்ஷத் அவனை இன்னொரு முறை பார்த்தாள். அவனுக்குத் தெரியாமல். சிக்னலில் வண்டி நின்றபோது, பூட்டிய கடை ஒன்றின் வாசலில் தௌரென் நின்றிருந்தான். பக்கத்தில், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டவள் போல ஒரு சின்னப் பெண். அவன் கோட்டு அவள் தோளில். குடையும் அவள் தலைக்கு மேலேதான். அவன் பாதி மழையில் நின்று என்னவோ கதை சொல்ல, அந்தக் குழந்தை அழுதபடியே சிரித்தது. எதிர்ச்சாரியிலிருந்து ஒரு தாய், வீட்டுச் செருப்பைக்கூட மாற்றாமல் ஓடிவந்தாள்...

விளக்கு பச்சையானது. பின்னால் கார்கள் கத்தின. கம்ஷத் நகரவில்லை.

இத்தனை பெரிய அல்மாட்டியில், பதினொரு மணிக்குப் பிறகு ஒரு பிள்ளை தெருவில் தனியாக நின்றால், 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். நாளை காலை வகுப்பெடுக்க வேண்டிய வாத்தியார்கள், தங்கள் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு வரும் அம்மாக்கள்... மழையில் நனைந்துகொண்டு, திட்டு வாங்கிக்கொண்டு. அவளும்தானே திட்டினாள்? கேஸ் போடுகிற சட்டம் என்று நினைத்திருந்தாள். அதற்குக் குடை பிடிக்கவும் தெரிந்திருந்தது.

அடுத்த திங்கட்கிழமை டெப்போ அதிகாரி அவளைக் கூப்பிட்டார். "இனிமே உனக்குக் காலை ஷிப்ட். உங்கண்ணன் வந்து ஒரு மணி நேரம் என் உயிரை எடுத்துட்டாரு. ராத்திரி உன் தங்கச்சி தனியா இருக்கக் கூடாதாம்."

"எனக்கு ஏது அண்..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

விடியற்காலையில் முதல் நடை. முதல் பயணியாக ஏறினான் தௌரென்.

"யாரைக் கேட்டு என் ஷிப்டை மாத்தினீங்க?"

"அண்ணன் யாரைக் கேக்கணும்?"

"ஸ்கூல் எட்டு மணிக்குத்தானே? இப்பவே எங்க போறீங்க? சூரியனுக்கு அட்டென்டன்ஸ் எடுக்கவா?"

"தங்கச்சி வண்டி ஒழுங்கா ஓட்டறாளான்னு பார்க்க."

தினமும் வந்தான். முன் இருக்கை. சில நாள் காகிதத்தில் சுற்றிய சூடான பவுர்சாக், எண்ணெயில் பொரித்த அந்தக் குட்டி ரொட்டிகள். வண்டி மலையை நோக்கித் திரும்பும்போது பனி முகடுகள் ரோஜா நிறமாகும். அப்போது கண்ணாடியில் அவள் அவனைப் பார்ப்பாள்... அவன் சட்டென்று ஜன்னலைப் பார்ப்பான்.

"சொல்லிடேன்க்கா" என்று தினமும் பிராணனை வாங்கினாள் தில்னாஸ். "நாம அல்பான்னு சொல்ல உனக்கு என்ன கஷ்டம்?"

"தங்கச்சின்னு நினைச்சுத்தானே இவ்வளவும் செஞ்சாரு? பொய்னு தெரிஞ்சா என் முகத்துல முழிப்பாரா?"

"இப்ப மட்டும் எந்த முகத்துல முழிக்கிறாராம்? தங்கச்சி முகத்துல!"

சுருக்கென்றது. ஆனாலும் சொல்லவில்லை. அவனை இழப்பதைவிட அண்ணனாகவாவது வைத்துக்கொள்வது மேல் என்று அவளே அவளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மே மாதத்துக் காலை. கொட்டுகிற மழை. சந்தைக்கு முந்தின திருப்பத்தில் 'படார்' என்று வண்டி குலுங்கி நின்றது. கூரை மேலிருந்து மின்சாரம் எடுக்கும் கொம்புகள் கம்பியிலிருந்து கழன்றுவிட்டன. கம்ஷத் கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கி, கொம்புகளை இழுத்து மாட்டும் பின்பக்கத்துக் கயிறுகளை அவிழ்த்தாள். தௌரெனும் இறங்கி வந்து ஒரு கயிற்றைப் பிடித்தான்.

"விடுங்க, நானே மாட்டிடுவேன்."

"கடைசியா ஒரு தடவை உதவி பண்ணிக்கறேனே."

அவள் கை நின்றது. "கடைசியா... ன்னா?"

"நாளையிலேர்ந்து இந்த வண்டியில வரமாட்டேன்." அவன் கம்பியையே பார்த்துப் பேசினான். "நான் தப்பு பண்ணிட்டேன். வாயால தங்கச்சின்னு கூப்பிட்டேன். மனசு அப்படிக் கூப்பிடல. முதல் நாள் கண்ணாடியில பார்த்தப்பவே... ஒரே கிளைப் பொண்ணைப் பத்தி இப்படி நினைக்கிறவன் மனுஷனே இல்லை. மனசை எத்தனையோ திட்டிப் பார்த்தேன். கேக்க மாட்டேங்குது. அதான்... விலகிடறேன்."

மழை அவள் முகத்தில் ஓடியது. எது மழை, எது கண்ணீர் என்று அவளுக்கே தெரியவில்லை. தன்மேல் எந்தத் தப்பும் இல்லாதவன் இங்கே தலைகுனிந்து நிற்கிறான். பொய் சொன்னவள் நிமிர்ந்து நிற்கிறாள்...

"எர்தாய்" என்றாள்.

"என்ன?"

"எங்கப்பா பேரு. அவரோட அப்பா ஒராஸ். அவரோட அப்பா ஜூனிஸ். அப்புறம் கென்ஷெபாய்... மாமிர்... சாத்பெக்... கோய்பாகர்." அவனை நேராகப் பார்த்தாள். "ஏழு பேரும் அல்பான். நான் மத்தாய் இல்லை. என்னிக்குமே இல்லை. அன்னிக்கு உங்க மேல இருந்த கோவத்துல பொய் சொன்னேன். அப்புறம்... நீங்க போயிடுவீங்களோன்னு பயந்து வாயை மூடிக்கிட்டேன். இப்போ திட்டுங்க."

அவன் திட்டவில்லை. கயிறு அவன் கையில் தளர்ந்தது.

"இத்தனை நாளும்... ராத்திரி ராத்திரி என்னை நானே பாவின்னு சொல்லிக்கிட்டுப் படுத்தேனே... தெரியுமா உனக்கு?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே உளறியிருப்பேன்." அவள் தலை குனிந்தது. "உங்களைப் பார்க்கத்தான் நான் தினமும் கண்ணாடியைத் துடைச்சேன்."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல நேராக நின்றான். "அஸ்கார். பெய்சென். துர்சுன். காலியாக்பர். நூர்தாய். ஷோகன். எல்தெஸ்." மெல்ல, ஒவ்வொன்றாக. "இவங்கதான் எங்க ஏழு பேர்."

இருவரும் மழையில் நனைந்தபடி மனதுக்குள் சேர்த்துப் பார்த்தார்கள்...

"எங்கேயும் ஒட்டலைம்மா!" பின் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினார், தக்காளிக் கூடைகளோடு சந்தைக்குப் போகும் ஒரு தடித்த மனிதர். "நான் எண்ணிட்டேன். ஒரு பேரு கூட ஒட்டலை! தாராளமா கட்டிக்குங்க. ஆனா முதல்ல கொம்பை மாட்டுங்க, என் தக்காளி அழுகுது!"

வண்டிக்குள் எல்லோரும் சிரித்தார்கள். கம்ஷத் வெட்கத்தில் கையுறையால் முகத்தை மூடிக்கொண்டாள். கையுறைக் கரி முழுதும் கன்னத்தில்.

அவன் அவள் பக்கத்தில் வந்து, தன் சட்டைக் கையால் அந்தக் கரியை மெதுவாகத் துடைத்தான்.

"கம்ஷத்..." என்றான்.

முதல் தடவையாக.