மூலையில் ஈரம்

படுக்கையறை மூலையில் கம்பளம் நனைந்திருந்தது.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், ஓர் ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரும் அளவுக்கு ஓர் இடுக்கு உண்டு. அங்கேதான் ஈரம். வெல்டா முதலில் கூரையைப் பார்த்தாள், ஒழுகவில்லை. ஜன்னலைப் பார்த்தாள், தாழ் போட்டபடியே இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் பனிப்புயலில் மேய்ச்சல் நிலமும் வேலியும் வானமும் எல்லாம் ஒரே வெள்ளையாகிப் பறந்துகொண்டிருந்தன. குனிந்து தொட்டாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஈரத் திட்டுகள், பனி ஒட்டிய காலணி வைத்த மாதிரி. அவற்றுக்குப் பின்னால், சுவரை ஒட்டிய இடம் மட்டும் காய்ந்திருந்தது. அங்கே கையை வைத்தவள் சட்டென்று எடுத்துவிட்டாள். கம்பளம் சூடாக இருந்தது.

மணி மூன்றுகூட ஆகவில்லை. ஊருக்குப் போய் மாவும் பாலும் வாங்கிக்கொண்டு அவள் திரும்பி வரும்போதே காற்று வண்டியைப் பிடித்து ஆட்டியது. நெடுஞ்சாலையில் அவள் வண்டி தாண்டியதும் ஷெரீஃப் ஆட்கள் தடுப்புக் கட்டையைக் கீழே இறக்கியதைக் கண்ணாடியில் பார்த்தாள். சாலை மூடியாயிற்று. நல்லவேளை, கடைசி ஆளாய் வீடு வந்து சேர்ந்தோம் என்றுகூட நினைத்தாள். வயோமிங்கில் குளிர்காலம் என்றால் அப்படித்தான். வீட்டுக்குள் வந்துவிட்டால் பிழைத்தோம் என்று அர்த்தம்.

கை தானாக இடுப்புக்குப் போயிற்று. துப்பாக்கி இருந்தது. வெளியே தெரியும்படி மாட்டிய தோல் உறையில், மூன்று நாள் பழசான கறுப்புத் துப்பாக்கி. அதைத் தொட்டதும்தான் அவளுக்கு அது உறைத்தது. அந்த மூலையைப் பற்றி அவள் வெளியே பேசியது ஒரே ஓர் இடத்தில்தான். துப்பாக்கிக் கடையில்.

கணவன் ஹார்லன் போன வசந்தத்தில் இறந்துபோனதிலிருந்து வெல்டா தனி. இலையுதிர் காலத்தில் இரண்டு முறை வாசல் விளக்கின் பல்பு அரைச் சுற்று கழன்றிருந்தது. காற்றுக்குக் கதவு திறக்கலாம், பல்பு கழலுமா? அதன்பிறகுதான் அவள் ராய்ஸின் கடைக்குப் போனாள். சுவரெல்லாம் மான் தலைகள், எண்ணெய் வாசனை, மூலையில் காபிச் சட்டி, அதைச் சுற்றி வேலைவெட்டி இல்லாத நாலைந்து தொப்பிகள்.

"எதுக்கு வேணும்? இடுப்புல மாட்டிட்டு ஊருக்குள்ள போறதுக்கா, வீட்டுக் காவலுக்கா?" என்று கேட்டான் ராய்ஸ்.

"ரெண்டுக்கும்தான்."

"அப்ப ரெண்டு வாங்குங்க. எனக்கும் குளிர்காலம் ஓடணும்ல?"

தொப்பிகள் சிரித்தன. ராய்ஸ் ரப்பர் விரிப்பின்மேல் மூன்றை எடுத்து வைத்தான். முதலாவது உள்ளங்கைக்குள் அடங்கியது. "பாக்க பொம்மை மாதிரி இருக்கும். சுட்டா குதிரை மாதிரி உதைக்கும். சின்னதுதான் நிறைய உதைக்கும், இது எங்க வீட்டுலயும் உண்மை." இரண்டாவது முழு இரும்பு. "இது என் மாமனார் மாதிரி. தங்கமான மனுஷன், ஆனா தூக்கிட்டு நடக்க முடியாது." மூன்றாவதை அவள் கையிலேயே கொடுத்தான். நடுத்தர அளவு. மேலே இருக்கும் இரும்பை, ஸ்லைடு என்பார்கள், பின்னால் இழுத்துவிட்டால்தான் முதல் தோட்டா குழாய்க்குள் ஏறும். அப்புறம் சுடச்சுட அடுத்தது தானே ஏறிக்கொள்ளும். ஆனால் அந்த இரும்பு முழுசாக முன்னால் வந்து நிற்காவிட்டால் துப்பாக்கி சுடாது. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் தட்டு தூக்கித் தேய்ந்த மணிக்கட்டு அவளுடையது. முதல் இரண்டில் அந்த இரும்பு அசையவே இல்லை. மூன்றாவதில் வந்தது.

"இதையே எடுத்துக்கறேன்."

"எடுத்துக்கோங்க. ஆனா குழாய்ல ஒண்ணு எப்பவும் ஏத்தியே வைங்க."

"அய்யோ வேண்டாம், பயமா இருக்கு. தேவைப்பட்டா இழுத்துக்கறேன். அந்தச் சத்தத்துக்கே வந்தவன் ஓடிட மாட்டானா?"

"வெல்டா, அந்தச் சத்தத்துல அவனுக்குத் தெரியறது ஒண்ணே ஒண்ணுதான். இவ்ளோ நேரம் உங்க துப்பாக்கி காலியா இருந்துச்சுன்னு."

மறுபடி சிரிப்பு. அவளும் சிரித்துவைத்தாள். பிறகு ராய்ஸ் ஓர் அட்டையைத் திருப்பிப் போட்டுப் பென்சிலை எடுத்தான். வீட்டுக்கென்று துப்பாக்கி வாங்கினால் வீட்டைச் சொல்லியாக வேண்டும். அது இங்கே எல்லாருக்கும் பழக்கம்தான், வைத்தியரிடம் வயிற்றைச் சொல்வதுபோல. வெல்டாவும் சொன்னாள். எந்தக் கதவு சரியாகச் சாத்தாது. எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பாள். நாய் செத்துப்போன விவரம். பக்கத்து வீடு மூன்று மைல்.

"ஷெரீஃப் ஆள் வர எவ்ளோ நேரமாகும்?" என்றான் ராய்ஸ்.

"நாப்பது நிமிஷம்."

"பனி பெஞ்சா?"

"பனி பெஞ்சா பனி நின்னப்புறம்."

"கட்டில்லேர்ந்து வாசக் கதவு எத்தனை தப்படி?"

"பன்னெண்டு... இல்ல இல்ல, பதிமூணு..."

"பதினாலு," என்றது காபிப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"ஆமா, பதினாலு," என்றாள் வெல்டா.

ராய்ஸ் எழுதிக்கொண்டான். கட்டிலுக்குப் பக்கத்து மூலையில் ஒரு பெருக்கல் குறி போட்டான். "யாராவது உள்ள வந்துட்டா தேடிட்டுப் போகாதீங்க. தேடறது ஷெரீஃப் வேலை. இங்க உக்காருங்க. முதுகு சுவத்துல, துப்பாக்கி கதவைப் பாத்து. அவன் உங்களைத் தேடி வரட்டும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா சொன்னதில்லை. ஆனால் தவளைக்குத் தெரியுமா, தான் கத்துவது யார் காதில் விழுகிறதென்று? அதற்கப்புறம் மூன்று நாள் அவள் நிமிர்ந்து நடந்தாள். மளிகைக் கடையில் பையன்கள் வழிவிட்டார்கள். தேவாலய வாசலில், "அடேயப்பா, இனிமே உங்க சமையலைக் குறை சொல்ல முடியாது போலருக்கே," என்றார்கள். எல்லார் கண்களும் அவள் இடுப்புக்குப் போய்த் திரும்பின. பார்க்கட்டும், அதற்குத்தானே வெளியே தெரிய மாட்டியிருக்கிறோம் என்று அவளுக்குத் தெம்பாகக்கூட இருந்தது. பாவம்.

அந்த அட்டை எங்கே? வெல்டா ஈரத்தைப் பார்த்தபடியே யோசித்தாள். அதைக் கடையிலிருந்து எடுத்து வந்த ஞாபகம் இல்லை.

படுக்கையறைக் கதவைச் சாத்திப் பூட்டினாள். கட்டில் இழுப்பறைகள் வைத்தது. அடியில் எலிகூட நுழையாது. துணி அலமாரியின் பலகைக் கதவை ஒரு சாண் திறந்தாள். ஹார்லனின் கோட்டுகள். ஒன்றையும் யாருக்கும் கொடுக்க மனசு வராமல், கம்பி வளையும் அளவுக்கு நெருக்கியடித்துத் தொங்கவிட்டிருந்தாள். பூச்சி உருண்டையும் பழைய புகையிலையும் கலந்த அந்த வாசனை முகத்தில் அடித்ததும் அழுகை முட்டியது. மூடினாள். அலமாரிக் கதவின் மெல்லிய பலகைச் சட்டங்கள் ஒன்றோடொன்று உரசி அடங்கின.

ஈரக் கம்பளத்துக்கு ஷெரீஃபைக் கூப்பிட்டால் ஊர் சிரிக்கும். அதனால் தொலைபேசியில் ராய்ஸைக் கூப்பிட்டாள்.

"ராய்ஸ், அன்னிக்கு என் வீட்டை வரைஞ்சீங்களே, அந்த அட்டை அங்க இருக்கா?"

"உங்க கொழுந்தன் கிட்ட அப்பவே குடுத்துட்டேனே."

"எந்தக் கொழுந்தன்?"

"ஹார்லனோட தம்பி. காபி பக்கத்துல உக்காந்திருந்தாரே. நீங்க போனதும், 'அண்ணி மறந்துட்டாங்க, நான் குடுத்துடறேன்'னு வாங்கிட்டுப் போனாரு. உங்ககூடத்தானே வந்தாரு? தப்படி எல்லாம் கரெக்டா சொன்னாரே."

"ராய்ஸ். ஹார்லனுக்குத் தம்பியே கிடையாது."

ராய்ஸின் குரல் வேறு ஆளுடையதுபோல வந்தது. "வெல்டா, உடனே மூலைக்குப் போங்க. நான் சொன்ன அந்த..." நிறுத்தினான். "இல்ல. மூலைக்குப் போகாதீங்க. அவனுக்கு அது தெரியும். வேற எங்கயாவது நில்லுங்க. ஷெரீஃபைக் கூப்பிடுங்க, நானும் கூப்பிடறேன்."

வேறு எங்கே? வெளியே போக முடியாது. இப்படிப்பட்ட நாளில் கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே இருபது அடியில் வழி தவறி விறைத்துச் செத்தவர்கள் இந்த ஊரிலேயே உண்டு. வண்டிச் சாவி வாசல் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. அதற்கு நடைவழியைத் தாண்ட வேண்டும். நடைவழியின் மரத்தளம் இப்போது கிரீச்சென்றது. காற்றா? வீடே காற்றில் முனகிக்கொண்டிருக்கும்போது எது காற்று, எது காலடி என்று யார் பிரிப்பது? மறுபடி ஒரு கிரீச். அவள் துப்பாக்கியை எடுத்தாள். ஸ்லைடைப் பிடித்து இழுத்தாள். வியர்வையில் விரல் வழுக்கியது. மறுபடி இழுத்தாள். கடகடவென்று அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. தோட்டா ஏறியது.

யாரும் ஓடவில்லை.

கதவைப் பார்த்து நீட்டியபடியே பின்னால் நகர்ந்தாள். ஜன்னல் பக்கம் முதுகைக் காட்ட முடியாது. மூலை கூடாது. கதவும் தெரிந்து ஜன்னலும் தெரியும் இடம் அறையில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். துணி அலமாரியின் கதவு. அதன் சட்டங்கள் முதுகில் பட்டன. அங்கேயே சாய்ந்து நின்றாள். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு ஒரு கையால் பக்கத்து மேசைமேல் வைத்து, அவசர எண்ணை அழுத்தினாள்.

பெண் குரல். முகவரி கேட்டது. பெயர் கேட்டது. "சாலை மூடியிருக்கு மேடம். பனி தள்ற வண்டியோட ஆளுங்களை அனுப்பறோம். ரெண்டு மணி நேரமாவது ஆகும். லைன்லயே இருங்க. பூட்டிட்டீங்களா?"

"பூட்டிட்டேன். அவன் நடைவழியில இருக்கான்னு நினைக்கறேன்."

"ஆயுதம் ஏதாவது இருக்கா?"

"இருக்கு. கையில இருக்கு. கதவைப் பாத்துப் பிடிச்சிருக்கேன்."

"சரி மேடம். தைரியமா இருங்க."

மரத்தளம். காற்று. மரத்தளம். கதவின் கைப்பிடி அசைந்ததா? இல்லை. அவள் கண்தான் அசைந்தது. மணிக்கட்டு வலித்தது. துப்பாக்கி முனை ஆடியது. இரண்டு மணி நேரம். அதுவரை கையை இறக்கக் கூடாது.

"மேடம்," என்றது குரல். "உங்ககூட வேற யாரு இருக்காங்க?"

"யாருமில்ல. நான் தனி."

"அறைக்குள்ள?"

"தனியாத்தான் இருக்கேன்னு சொல்றேனே."

குரல் தணிந்தது. "கொஞ்சம் மூச்சை அடக்குங்க மேடம். ஒரே ஒரு தடவை."

வெல்டா அடக்கினாள்.

காற்று ஒரு கணம் நின்றது. மரத்தளம் ஓய்ந்தது. அப்போதுதான் அவளுக்கு அந்த ஈரம் புரிந்தது. அவன் நினைத்திருந்தால் ஒரு துணியால் துடைத்திருக்கலாம். துடைக்கவில்லை. அவள் பார்க்க வேண்டும். பார்த்தால் மூலைக்குப் போகமாட்டாள். மூலைக்குப் போகாவிட்டால் நிற்க ஓர் இடம்தான்.

முதுகுக்குப் பின்னால் சட்டங்களின் இடுக்கு வழியாகச் சூடாக ஒன்று அவள் பிடரியில் பட்டது. நின்றது. மறுபடி பட்டது.

திரும்ப வேண்டும். திரும்ப முடியவில்லை.

சட்டங்கள் மெல்ல உரசின. அவள் வலது தோளுக்கு மேலாக ஹார்லனின் பழுப்புக் கோட்டுக் கை நீண்டு வந்தது. அவசரமே இல்லாமல். காலியாகத் தொங்கிய கைதான். இப்போது காலியில்லை. நீண்டது. அவள் விரல்களைத் தாண்டியது. துப்பாக்கியின்மேல் உள்ளங்கையை வைத்து, ஸ்லைடை அரை அங்குலம் பின்னால் தள்ளி, அப்படியே பிடித்துக்கொண்டது.

வெல்டா விசையை அழுத்தினாள். அது வெறுமனே உள்ளே போயிற்று.

"போதும் மேடம், மூச்சு விடலாம்," என்றது தொலைபேசி. "மேடம்? கேக்குதா? மூச்சு விடலாம்."

வெல்டா விடவில்லை. அவள் பின்னால் இன்னொரு மூச்சு நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.