அத்தை நடக்கும் சுவரோரம்

கொஞ்ச நாளாகவே மிளகின் வீட்டில் யாரும் நேராக நடக்க முடியவில்லை. வாசலிலிருந்து கடைசி அறை வரை நீளநீளமாகப் பலகைகள் கிடந்தன. அம்மா ஒரு பலகையைத் தாண்டுவார், அடுத்ததில் இடித்துக்கொள்வார். அப்பா அந்தப் பலகைகளுக்கு நடுவில் முட்டி போட்டு உட்கார்ந்து, வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு வேலை செய்வார்.

மிளகு என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயர். ஆள் சின்னது, பேச்சில் காரம் அதிகம். அதனால் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"ம்... ம்ம்... ம்!" என்றார் அப்பா.

"ஆணியை எடுத்துட்டுப் பேசுங்கப்பா."

அப்பா ஆணியைக் கையில் எடுத்தார். "பென்சில் எங்கேன்னு கேட்டேன்."

"உங்க காதுல."

இத்தனை பாடும் அத்தைக்காகத்தான். அத்தை அப்பாவின் தங்கை. ஒரு மருத்துவமனையில் தொலைபேசிப் பிரிவில் வேலை செய்கிறார். இந்த ஊருக்கு மாற்றல் கிடைத்ததால், ஞாயிற்றுக்கிழமை முதல் மிளகின் வீட்டில்தான் இருக்கப்போகிறார்.

அத்தைக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. கையில் ஒரு வெள்ளைக் குச்சி வைத்திருப்பார். அதன் நுனியைச் சுவரோரமாகத் தரையில் ஓட்டிக்கொண்டே நடப்பார். சுவர் எங்கே திரும்புகிறது, கதவு எங்கே வருகிறது எல்லாவற்றையும் குச்சியே அவருக்குச் சொல்லிவிடும்.

போன தடவை வந்தபோது அத்தைக்கு இந்த வீடு சரிப்படவில்லை. அப்போதுதான் புதிதாகத் தரை போட்டிருந்தார்கள். தரைக்கும் சுவருக்கும் நடுவில் விரல் போகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. குச்சியின் நுனி அதற்குள் போய்ப் போய் மாட்டிக்கொண்டது. உடனே ஆளாளுக்கு ஓடிவந்து அத்தையின் கையைப் பிடித்தார்கள்.

"பார்த்து, பார்த்து!" என்றார் அம்மா.

"இந்தப் பக்கம் வா, இந்தப் பக்கம்!" என்றார் அப்பா.

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன பீரோவா? ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தள்ளுறீங்க! எனக்குச் சுவரோரம் மட்டும் ஒழுங்கா இருந்தாப் போதும். மத்ததை நான் பார்த்துக்குவேன்."

அதை அப்பா மறக்கவில்லை. சுவரின் அடிப்பக்கத்தில் ஓரப்பலகை அடித்துவிட்டால் அந்த இடைவெளி மூடிவிடும், குச்சியும் வழுக்கிக்கொண்டு போகும் என்று முடிவு செய்தார்.

"ஆசாரியைக் கூப்பிடலாமே?" என்று அம்மா கேட்டார்.

"என் தங்கச்சிக்கு நானே செய்யறேன்."

அம்மா பால்கனியைப் பார்த்தார். அங்கே அப்பா செய்ய ஆரம்பித்து, மூன்று காலோடு நிறுத்திய முக்காலி ஒன்று கிடந்தது.

"முக்காலிக்கு மூணு கால்தானே?" என்றார் அப்பா.

"உட்கார ஒரு பலகையும் வேணும்ங்க!"

அப்பா பேருந்து ஓட்டுபவர். எவ்வளவு நெரிசலான தெருவிலும் பெரிய வண்டியை ஒரு கீறல் இல்லாமல் திருப்பிவிடுவார். ஆனால் வீட்டு வேலை எதையும் இதுவரை முழுசாக முடித்ததில்லை. தொடங்கும்போது இருக்கும் ஆர்வம் பாதியில் எங்கேயோ இறங்கிப் போய்விடும்.

இந்தத் தடவை அப்படி நடக்கவில்லை. அப்பா விடுப்பு எடுத்தார். பலகைகளுக்கு வெள்ளை வண்ணம் பூசிக் காயவைத்தார். மூலைகளில் சேர்வதற்காகப் பலகையின் நுனியைச் சாய்வாக அறுக்க வேண்டும். அதற்கென்று ஒரு மரப்பெட்டி வாங்கி வந்தார். அதன் இரண்டு பக்கமும் சாய்வாகப் பிளவு இருக்கும். பலகையை உள்ளே வைத்து, அந்தப் பிளவில் ரம்பத்தை விட்டு அறுத்தால் சாய்வு பிசகாது.

சாய்வு பிசகவில்லைதான். ஆனால் தப்பான பக்கம் சாய்ந்திருந்தது.

அப்பா மறுபடி அறுத்தார். மறுபடியும் தப்பான பக்கம்.

"பலகைக்கு முடி வெட்டறீங்களா?" என்றார் அம்மா.

அப்பா சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு பலகையைச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று மிளகு பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தாள். அம்மா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். வேலை மளமளவென்று ஓடியது. மூலைகளில் கொஞ்சம் இடைவெளி தெரிந்ததை அப்பா வெள்ளைப் பட்டி மாவைக் குழைத்துப் பூசி அடைத்தார்.

சனிக்கிழமை மாலை கடைசி ஆணியையும் அடித்தாயிற்று.

அப்பா எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். சுவரின் அடியில் வெள்ளைக் கோடு போட்டதுபோலப் பலகை வீடு முழுவதும் ஓடியது.

"முடிச்சிட்டேன்," என்றார். தன் காதையே நம்பாதவர் போல இன்னொரு தடவை சொன்னார். "முடிச்சிட்டேன்!"

அம்மா கை தட்டினார். அப்பா உடனே அத்தைக்குத் தொலைபேசியில் பேசினார். "வந்து பாரு. ரயில் மாதிரி போகலாம் நீ! எங்கேயும் நிற்கவே வேண்டாம்!"

அப்பா குளிக்கப் போனார். பாட்டுச் சத்தம் வெளியே வரை கேட்டது.

மிளகுக்கு அத்தையைப் போல நடந்து பார்க்க ஆசை. ஒட்டடைக் குச்சியின் நுனியிலிருந்த தூரிகையைக் கழற்றிவிட்டுக் குச்சியை எடுத்தாள். வாசல் கதவில் முதுகை ஒட்டி நின்று கண்களை இறுக்க மூடிக்கொண்டாள். குச்சியின் நுனியைப் பலகையோடு ஒட்டி வைத்து, மெல்ல நடந்தாள்.

ஸ்ஸ்ஸ்... என்று குச்சி வழுக்கிக்கொண்டே வந்தது. நடக்க நடக்கச் சந்தோஷமாக இருந்தது. மூலையில் அழகாகத் திரும்பியது. அறைகளுக்குப் போகும் நீளமான நடையில் ஸ்ஸ்ஸ் என்று போய்...

டக்!

குச்சி நின்றுவிட்டது. அதன் மேல்முனை மிளகின் வயிற்றில் குத்தியது.

கண்ணைத் திறந்தாள். நடையின் நீளத்துக்கு ஒரே பலகை போதாது என்பதால், அப்பா இரண்டு பலகைகளை நுனியோடு நுனி ஒட்டவைத்து அடித்திருந்தார். இரண்டாவது பலகை ஒரு துளி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. பார்த்தால் தெரியவே தெரியாது. விரலால் தடவினால் நகம் மாட்டியது.

மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். மறுபடியும் டக்.

குளியலறையிலிருந்து அப்பாவின் பாட்டு இன்னும் சத்தமாகக் கேட்டது.

'இப்ப எப்படிச் சொல்றது?' என்று மிளகு நினைத்தாள். அப்பா வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை முடித்திருக்கிறார்.

களிமண்ணை எடுத்து வந்து அந்த இடத்தில் தேய்த்துச் சமமாக்கப் பார்த்தாள். குச்சி வந்ததும் களிமண் பிய்ந்து குச்சியோடு போய்விட்டது.

நாளைக்கு அத்தை அந்த இடத்துக்கு வரும்போது 'பார்த்து, பார்த்து' என்று தானே சொல்லிவிட்டால் போதுமா? அத்தை முகம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

சாப்பிடும்போதும் மிளகு பேசவில்லை.

"மிளகுல காரம் போயிடுச்சே?" என்றார் அப்பா. அவள் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

விடிந்ததும் ஒரு யோசனை வந்தது. சொல்வதற்குப் பதிலாகக் காட்டிவிடலாம்! அம்மாவின் துப்பட்டாவையும் ஒட்டடைக் குச்சியையும் எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள்.

"அப்பா, அத்தை மாதிரி நடந்து பார்க்கிறீங்களா?"

"ஓ!" அப்பா உற்சாகமாகக் கண்ணைக் கட்டிக்கொண்டார். "வண்டி கிளம்புது! வழி விடுங்க! பாம், பாம்!"

அம்மா சிரித்துக்கொண்டே ஒதுங்கி நின்றார். அப்பா ஓரப்பலகையோடு குச்சியை ஓட்டிக்கொண்டு போனார். மூலையில் ஒரு கையால் பேருந்தின் ஸ்டியரிங்கைச் சுற்றுவதுபோலச் செய்து திரும்பினார். நடைக்குள் நுழைந்தார்.

டக்!

அப்பா நின்றார். பின்னால் போய் மறுபடி வந்தார். டக்.

கண்ணைக் கட்டியிருந்த துப்பட்டாவை அவிழ்த்துவிட்டு, கீழே உட்கார்ந்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க மிளகுக்குப் பயமாக இருந்தது.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நேத்து சாயந்திரமே தெரியும்ப்பா."

"ஏன் சொல்லல?"

"நீங்க பாட்டுப் பாடிட்டிருந்தீங்க."

அப்பா அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"அப்படி ஒண்ணும் நல்லாப் பாட மாட்டேனே! அடுத்த தடவை பாதியில நிறுத்திடு, தெரியுதா?"

மிளகு தலையாட்டினாள்.

"சரி, இதை என்ன பண்றது?" அப்பா பலகையைச் சுத்தியால் தட்டிப் பார்த்தார். உள்ளே போகவில்லை. "சுவர் இந்த இடத்துல வயிறு தள்ளிட்டு நிக்குது. நேரா வச்சு ஒட்டினா ஒண்ணு முன்னாடி வரத்தான் செய்யும்."

நேராக வைத்து ஒட்டினால்... மிளகுக்குச் சட்டென்று அம்மாவின் தையல் இயந்திரம் நினைவுக்கு வந்தது. அம்மா வீட்டில் துணி தைத்துக் கொடுப்பவர். கழுத்தைச் சுற்றி வைக்கிற ஓரத் துணி நீளம் போதாவிட்டால் இரண்டு துண்டை ஒட்டுப் போடுவார்.

"அம்மா! நீங்க ஓரத் துணியை ஒட்டும்போது குறுக்கே சாய்வாத்தானே வெட்டுவீங்க?"

"ஆமா. நேரா வெட்டித் தைச்சா அந்த இடம் மட்டும் முண்டிட்டு நிக்கும். சாய்வாத் தைச்சா ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சிடும்."

"பலகையையும் அப்படிச் சேர்க்க முடியாதா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். இருவரும் அந்த மரப்பெட்டியைப் பார்த்தார்கள்.

"மூலைக்கு அறுத்த அதே சாய்வு!" என்றார் அப்பா. "ஒரு பலகையோட நுனி இன்னொண்ணு மேல படுத்துக்கும். ரெண்டுக்கும் சேர்த்து ஒரே ஆணி அடிச்சா, தனியா எதுவும் எழுந்து நிக்காது!"

எழுந்து ஓடிய அப்பா பாதியில் நின்றார். "ஆனா நுனியை மறுபடி அறுத்தா நீளம் குறைஞ்சிடுமே. வேற பலகை இல்ல. இன்னைக்குக் கடையும் இல்ல."

மூவரும் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். மிளகு தரையில் படுத்துக்கூடப் பார்த்தாள். அப்படிப் படுத்திருந்தபோதுதான் அவள் கண்ணில் அது பட்டது.

"அலமாரிக்குப் பின்னாடி ஒரு முழுப் பலகை இருக்கே! அங்கே யாருப்பா நடக்கப் போறா?"

"கரப்பான் பூச்சி," என்றார் அம்மா.

"அதுக்கு நீளம் குறைஞ்சிருந்தாப் பரவாயில்லை!" என்றார் அப்பா.

அலமாரியை மூவரும் சேர்ந்து நகர்த்தினார்கள். அந்த நீளப் பலகையையும் நடையில் இருந்த பலகைகளையும் மெல்ல நெம்பி எடுத்தார்கள். எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று மிளகு கோடு போட்டாள். அப்பா அறுக்கும் முன் அவளிடம் ஒரு தடவை கேட்டுக்கொண்டார், அம்மாவிடமும் ஒரு தடவை கேட்டுக்கொண்டார். பசை தடவி, சாய்வின் மேல் சாய்வு படியும்படி அழுத்தி ஆணி அடித்தார். நீளம் குறைந்த பழைய துண்டு அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

பசை காய்ந்ததும் மிளகு உப்புத்தாளை வாங்கிக்கொண்டாள். "அத்தை போகும்போதும் தட்டக் கூடாது, திரும்பி வரும்போதும் தட்டக் கூடாது," என்று சொல்லிக்கொண்டே இரண்டு பக்கமும் தேய்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாள், மறுபடி தேய்த்தாள். ஒட்டு எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியாமல் போகும்வரை விடவில்லை. அப்பா அதன்மேல் வண்ணம் பூசிக் காயவைத்தார்.

மதியம் அழைப்பு மணி அடித்தது.

அத்தை தோள்பையோடு வாசலில் நின்றார். மூக்கை உறிஞ்சினார்.

"புதுப் பெயிண்ட் வாசனை வருதே! யார் அடிச்சது, அண்ணனா? அப்ப இன்னும் பாதி பாக்கி இருக்கணுமே!"

"முழுசா முடிச்சாச்சு!" என்றார் அப்பா.

"அடேயப்பா! இரு, நானே பார்க்கிறேன். யாரும் கையைப் பிடிக்காதீங்க."

யாரும் பிடிக்கவில்லை. பிடித்துவிடக்கூடாது என்று அம்மா தன் கைகளையே கட்டிக்கொண்டார்.

அத்தை குச்சியை ஓரப்பலகையோடு வைத்தார். ஸ்ஸ்ஸ்... மூலை வந்தது, திரும்பினார். நடைக்குள் போனார். மூவரும் சத்தமில்லாமல் பின்னாலேயே போனார்கள். ஒட்டு இருக்கும் இடம் நெருங்கியது. அப்பா மிளகின் தோளைப் பிடித்துக்கொண்டார். மிளகு அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...

குச்சி அந்த இடத்தைக் கடந்து, அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. அத்தை நடையின் கடைசியில் நின்று திரும்பினார்.

"என்னாச்சு? மூணு பேரும் ஏன் மூச்சையே விடாம வர்றீங்க? எல்லாருக்கும் ஒரே நேரத்துல விக்கலா?"

அப்பா அடக்கிவைத்திருந்த மூச்சை 'புஸ்' என்று விட்டார். பேருந்துக் கதவு திறப்பதுபோல இருந்தது அந்தச் சத்தம். அம்மாவும் மிளகும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"லூசுக் குடும்பம்," என்று அத்தையும் சிரித்துக்கொண்டே கையை நீட்டி, கைப்பிடியைத் தேடிப் பிடித்து, கதவைத் திறந்து தன் அறைக்குள் தானே போனார்.