பத்து ஆம்பியர்

"அந்த டிரைவர் ஸ்டேஷனை விட்டு வெளியவே வரக் கூடாது சார். அதுக்கு ஒரு ஆதாரம் கண்டுபிடிச்சுக் குடுங்க" என்றாள் மகள், துப்பறிவாளரிடம். வந்ததிலிருந்து அவள் உட்காரவில்லை. பக்கத்தில் அவள் அம்மா, "போனவர் போயிட்டாரு, விடும்மா" என்று முந்தானையைப் பிசைந்தாள்.

பன்னிரண்டு நாளைக்கு முன், மூச்சு நோயாளியான அப்பாவை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். ஆக்சிஜன் மெஷினின் சொந்த பேட்டரி பழுது; காரின் சார்ஜர் சாக்கெட்டில்தான் அது ஓடியது. ஸ்கேன் முடிந்து அவர் காரிலேயே கண்ணயர, இருவரும் ரிப்போர்ட் வாங்க உள்ளே போனார்கள். அரை மணி கழித்து வந்தபோது மெஷின் நின்றிருந்தது. அப்பாவின் மூச்சும்.

"இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு மரத்தடியில கதையடிச்சிருக்கான். பண்ணலைன்னு சாதிக்கிறான். அப்பா கையெல்லாம் சில்லிட்டுப் போச்சு சார். நான் போத்திவிட்ட கால் மட்டும் வெதுவெதுன்னு..."

"அவனேதான் அத்தான்! முழியே சரியில்ல" என்று குதித்தான் துப்பறிவாளரின் மச்சினன்.

"நீ அவனைப் பார்த்ததே இல்லையேடா" என்றபடி எழுந்தார் துப்பறிவாளர்.

அவர்கள் வீட்டு ஷெட்டில் கார் நின்றது. சாக்கெட்டின் ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே கம்பி உருகியிருந்தது. சாக்கெட்டில் செருகியிருந்த மல்டி பிளக்கில் மூன்று துளைகள்: ஒன்றில் மெஷின், இன்னொன்றில் டிரைவரின் போன் சார்ஜர். மூன்றாவது காலி, ஆனால் அதன் விளிம்பு இளகிக் கோணியிருந்தது.

வீட்டுக்குள் போய், அப்பாவுக்குப் போர்த்திய போர்வையைக் கேட்டார். "வெளுக்கப் போட்டுட்டேன்" என்றாள் அம்மா. மகளோ பீரோவிலிருந்து எடுத்து வந்தாள். அதன் ஓரத்தில் கத்தரித்த ஒயர் தொங்கியது.

"இந்தக் கார்ல இன்ஜினை அணைச்சா சாக்கெட்ல கரண்ட் வராது, ஆனா ஃபியூஸ் உருகாது" என்றார் துப்பறிவாளர். "உருகியிருக்குன்னா இன்ஜின் ஓடியிருக்கு. டிரைவர் பொய் சொல்லல."

"அப்ப அவன் போன் சார்ஜர்!" மச்சினன் விடவில்லை.

"மெஷினுக்கு ஏழு ஆம்பியர், போனுக்கு ஒண்ணு. ஃபியூஸ் பத்து தாங்கும். இந்தச் சூடாக்குற போர்வைக்கு மட்டும் அஞ்சு. மூணும் சேர்ந்தா பதிமூணு." அவர் மகளைப் பார்த்தார். "செத்தவர் கால்ல மட்டும் எப்படிம்மா சூடு?"

அவள் போர்வையைக் கீழே போட்டாள். "கால் குளிருதுன்னார். அவருக்குன்னே வாங்கினேன்... நான்தான் சொருகினேன்."

"இல்ல சார், நான்தான் சொருகினேன்!" என்று அம்மா குறுக்கே வந்தாள்.

"நீங்க சொருகல, அந்த பிளக்கைப் பிடுங்கினீங்க. வீட்டுக்கு வந்து ஒயரையும் வெட்டினீங்க. ஸ்டேஷனுக்குச் சொல்லியாகணும்மா. அங்க பன்னிரண்டு நாளா ஒருத்தன் உதை வாங்கறான்."

மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

அம்மா குனிந்து போர்வையை எடுத்து மடித்தாள்.

"ஆஸ்பத்திரி வாசல்ல, அத்தனை பேர் முன்னால அவனைச் செருப்பால அடிச்சேனேம்மா. நீ பக்கத்துலதானே நின்னே?"

"அடிக்கட்டும்னுதான் நின்னேன்" என்றாள் அம்மா. "அவனை அடிச்சா, நீ உன்னை அடிச்சுக்க மாட்டே."