அழிந்துபோன தேதி

உசேன் பாய் படியேறி வந்தபோது அவர் சட்டைக் கையில் கண்ணாடித் தூள் ஒட்டியிருந்தது.

ராயபுரம் ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், முதல் மாடியில் இருந்தது ரமாபாயின் அலுவலகம். கப்பலில் வந்த சரக்கு கெட்டுப்போனால், எப்படிக் கெட்டது, யார் பொறுப்பு என்று பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வது அவர் தொழில். அக்கம்பக்கத்தார் தங்கள் வம்புகளையும் கொண்டுவந்து கொட்டுவார்கள். ரமாபாய் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவருடைய உதவியாளன் அசோகன் வேலைக்கு வருவதே அந்த வம்புகளுக்காகத்தான். பாயின் சட்டைக் கையைப் பார்த்ததுமே அவன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

"தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுங்க பாய்," என்றார் ரமாபாய்.

"ஆறு மணிக்குக் கடைய ஒடைக்கப் போறாங்களாம் மேடம். காலையிலயே கல்லு வுட்டு ஷோகேஸ் போச்சு. எங்க வாப்பா காலத்து மெடிக்கல் ஷாப்பு அது. அது போச்சுன்னா நான் ரோட்டுக்குத்தான் வரணும்."

காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் குமாரவேல் நேற்றுக் காலை வீட்டில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவர் சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டைத் துண்டு கிடைத்தது. பாய் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆம்பளைங்க ராத்திரிக்குன்னு மெதுவா வந்து கேக்கற மாத்திரை மேடம்."

"புரியுது. மேல சொல்லுங்க."

"டாக்டர் சீட்டு இல்லாம நான் அத தர்றதில்ல. குமாரவேலு எங்கிட்ட மாசாமாசம் வாங்குறது, நெஞ்சு வலிச்சா நாக்குக்கடியில வெக்கிற மாத்திரை மட்டும்தான். ஆனா யாரு கேக்குறாங்க? அவரு போட்டை ஓட்டுற பாஸ்கல் தெருத்தெருவா நின்னு கத்துறான். 'மார்ச்சு மாசமே தேதி போன மாத்திரைய வித்து என் தோஸ்த சாவடிக்கப் பாத்தான்'றான். பசங்க அவன் பேச்சத்தான் கேக்குது."

அப்போது அக்டோபர் மாதம். அசோகன் விரல் விட்டுக் கணக்குப் போட்டான். "ஏழு மாசம். மருந்து விஷமா மாறியிருக்கும் மேடம். யாரோ எதிர்க் கடைக்காரன் பழைய சரக்கைத் தள்ளிவிட்டு பாய் மேல பழி போடறான்."

அசோகனுக்கு எந்த வழக்கிலும் ஒரு எதிர்க் கடைக்காரன் வேண்டும். ரமாபாய் தோல்பையைத் தோளில் மாட்டினார். "பாய், கடைய மூடி வைங்க. ஆறு மணிக்கு முன்னாடி நான் அங்க இருப்பேன்."

குமாரவேலின் வீட்டில் அவர் மனைவி நீலா முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்த அட்டைத் துண்டைத் தந்தாள். இரண்டு மாத்திரைக்கான துண்டு. ஒரு குழி காலி, கட்டைவிரலால் அழுத்தி எடுத்த கிழிசல் சுத்தமாக இருந்தது. இன்னொரு குழியில் மாத்திரை கரைந்து கூழாகியிருந்தது. தேதி அச்சடித்த ஓரத்தை ஏதோ அரித்திருந்தது.

"என்ன நடந்துச்சு நீலா?"

"நேத்து காலையில மாடிக்கு ஏறி எறங்குனாரு அக்கா. நெஞ்சு கனமா கீதுன்னாரு. டாக்டர் சொன்னாப்ல நாக்குக்கடியில மாத்திரை வெச்சேன். கொஞ்ச நேரத்துலயே வேர்த்து ஊத்தி, கண்ணு சொருகி, அப்டியே சாஞ்சிட்டாரு." அவள் குரல் தணிந்தது. "இத எப்ப முழுங்குனாருன்னே தெரியாது. விடியக்காலைல இருக்கும். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"இப்ப பேசுறாரா?"

"முழிச்சிக்கினாரு. ஆனா யாரு குடுத்தான்னு கேட்டா வாயத் தொறக்கல. சொவத்தப் பாத்துப் படுத்துக்கினு கீறாரு. டாக்டராண்ட நானும் இத சொல்லல. எப்டி அக்கா சொல்றது?"

அசோகன் ரமாபாயின் முகத்தைப் பார்த்தான். எத்தனையோ கப்பல்களின் அழுகல் நாற்றத்தில் நின்றும் மாறாத முகம், இப்போது மாறியது.

"அவர் போட்டுக்குப் போறதுண்டா?"

"போன வருசம் நெஞ்சு வலி வந்ததுலேர்ந்து போட்டுல காலே வெக்கல."

ரமாபாய் எழுந்து நேராகத் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அவர் உதட்டசைவைப் படிக்க அசோகன் படாத பாடு பட்டான். வெளியே வந்தவர், "ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட பேசிட்டேன். அந்த ஆள் உயிருக்கு இனி பயமில்ல. அடுத்தது பாய் கடை," என்று மட்டும் சொன்னார்.

அலுவலகத்துக்குத் திரும்பி வந்ததும் பையிலிருந்து சின்னக் குப்பியை எடுத்தார். கடல் தண்ணீர் பட்ட சரக்கா, மழைத் தண்ணீர் பட்டதா என்று கண்டுபிடிக்கத் துறைமுகத்தில் அவர் தினமும் பயன்படுத்தும் சில்வர் நைட்ரேட் கரைசல் அது. உப்பு இருந்தால் பாலாக வெளுக்கும். கூழாகிப் போன குழியைக் காய்ச்சி வடித்த நீரால் கழுவி, அந்த நீரில் ஒரு சொட்டு விட்டார். பாலாக வெளுத்தது.

"சட்டைப் பையில இருந்தது மேடம். வேர்வையும் உப்புதானே," என்றான் அசோகன்.

"நல்ல கேள்வி. வேர்வைன்னா அட்டை மேலதான் இருக்கும். இது தகட்டுக்கு உள்ள இறங்கியிருக்கு. ரொம்ப நாள் ஊறியிருக்கு." ஊசி நுனியால் தகட்டைத் தூக்கினார். அடியில் மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. "இப்ப லென்ஸ் வச்சு தேதியப் படி."

அசோகன் அட்டையை வெயிலில் பிடித்தான், சாய்த்தான், தலைகீழாகத் திருப்பினான். "தேதியே இல்ல மேடம். அரிச்சுப் போச்சு."

"எனக்கும் தெரியல. ஆனா ராயபுரத்துல ஒருத்தர் அதைப் படிச்சிருக்கார்."

ஆறு மணிக்குள் உசேன் கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. முன்னால் பாஸ்கல். கடலில் கறுத்த உடம்பு, சிவந்த கண். ரமாபாய் அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். உள்ளே பாய், நீலா, அசோகன். வெளியே யாரோ ஒருவன் கல்லால் ஷட்டரைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"பாஸ்கல், இதுல தேதி படிச்சுச் சொல்லுங்க."

அவன் வாங்கி உற்றுப் பார்த்தான். "தெர்ல மேடம். அயிஞ்சிட்டுக் கீது."

"பின்ன மார்ச் மாசம்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, எப்படி?"

பாஸ்கல் அட்டையைச் சட்டென்று திருப்பி நீட்டினான். "வாங்குனப்ப குமாரவேலு காமிச்சான்."

"இது ரொம்ப நாள் உப்புத் தண்ணியில கிடந்திருக்கு. உள்ள மீன் செதில் இருக்கு. குமாரவேல் போட்டுல கால் வச்சே ஒரு வருஷம் ஆகுது. போட்டுல ஐஸ் அறை யார் பொறுப்பு?"

அவன் பார்வை நீலா பக்கம் போய்த் திரும்பியது. ரமாபாய் அவசரப்படுத்தவில்லை. அசோகனுக்கு வாய் அரித்தது, ஆனாலும் அடக்கிக்கொண்டான்.

"உங்க சிநேகிதர் ஆஸ்பத்திரியில சுவத்தைப் பார்த்துப் படுத்திருக்கார்," என்றார் ரமாபாய் மெதுவாக. "வெட்கம் மட்டும்னு நினைச்சேன். இல்ல. அவர் வாய் திறந்தா உங்க பேர் வரும். அதுக்குத்தான் மூடியிருக்கார்."

பாஸ்கல் அப்படியே மருந்துப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான்.

"என்னுதுதான் மேடம். மார்ச்சுல தேதி போச்சு. தூக்கிப்போட மனசு வர்ல. ஐஸ்ல வெச்சா மீனு நிக்கிதே, மாத்திரை நிக்காதான்னு பாலிதீன்ல சுத்தி ஐஸ்ல சொருவி வெச்சேன். அவன் கேட்டான், குடுத்தேன். அவன் வுயுந்ததும், கெட்டுப்போனத குடுத்துக் கொன்னுட்டேனோன்னு பயந்துட்டேன். வாயில வந்தது பாய் பேரு."

"கெட்டுப்போனதால அவர் விழல," என்றார் ரமாபாய். "டாக்டர் சொன்னாரு. தேதி தாண்டினா விஷமாவும் மாறாது, வெறும் சுண்ணாம்பாவும் ஆயிடாது. எவ்வளவு வேகம் மிச்சம்னு யாராலயும் சொல்ல முடியாது, அதனாலதான் சாப்பிடக் கூடாது. உங்க அட்டையில ஒரு குழிக்குள்ள தண்ணி போச்சு. இன்னொண்ணு நல்லாவே இருந்தது. அதைத்தான் அவர் முழுங்கினார். நெஞ்சு மாத்திரையும் அதுவும் சேர்ந்தா ரத்த அழுத்தம் தடதடன்னு இறங்கிடும். புது மாத்திரையா இருந்தாலும் இதேதான். நிஜமாவே கெட்டுப் போயிருந்தா உங்க தோஸ்து விழுந்திருக்க மாட்டார்."

நீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப நான் வெச்ச மாத்திரையா அக்கா?"

"நீ டாக்டர் சொன்னதைச் செஞ்ச. உங்கிட்ட மறைச்சதுதான் தப்பு. ஆஸ்பத்திரியில இன்னிக்கும் அதே நெஞ்சு மாத்திரை கொடுக்க இருந்தாங்க. போன் பண்ணி நிறுத்தியாச்சு."

அதற்குத்தான் பூத்துக்கு அந்த ஓட்டம் என்று அசோகனுக்கு இப்போது புரிந்தது. எதிர்க் கடைக்காரனை அவன் சத்தமில்லாமல் கைவிட்டான்.

வெளியே கல் மறுபடி ஷட்டரில் விழுந்தது. "பாய்க்காக வெளிய யார் பேசறது?" என்றார் ரமாபாய். "நான் போய்ப் பேசினா பாதிதான் நம்புவாங்க."

பாஸ்கல் பெட்டி மேலிருந்தே ஷட்டரைப் பார்த்தான். கடலில் புயலுக்குப் பயப்படாத ஆள் அவன். ஆனால் அந்த ஷட்டருக்கு வெளியே நின்றவர்கள் அவன் ஓட்டும் படகில் வேலை செய்யும் பையன்கள். கடைசியில் எழுந்து, தானே ஷட்டரை முழுக்கத் தூக்கினான்.

"கல்ல கீய போடுங்கடா. பாய் விக்கல. மாத்திரை என்னுது. நான்தான் சாப்டுறேன், நான்தான் அவனுக்கும் குடுத்தேன்."

பின்னால் ஒருவன் களுக்கென்று சிரித்தான். "இன்னாடா சிரிப்பு?" என்றபடி நீலா கடையிலிருந்து இறங்கியதும் சிரிப்பு நின்றது. அவள் பாஸ்கலின் கையைப் பிடித்தாள். "வாண்ணே. நீ வந்தாத்தான் அவரு இந்தப் பக்கம் திரும்புவாரு."

பாஸ்கல் இரண்டடி போய்த் திரும்பினான். பாயைப் பார்க்க முடியாமல், உடைந்த ஷோகேஸைப் பார்த்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து இதப் பெருக்கு," என்றார் உசேன் பாய். "அப்டியே உன் நெஞ்சையும் அந்த டாக்டராண்ட காட்டு. அவரு சரின்னா சீட்டோட வா, புது அட்டையா தர்றேன். ஆனா ஐஸ்ல வெக்காத நைனா."