சந்தனம் வைத்த தாழ்ப்பாள்

முனிராஜ் விடிவதற்குள் எழுந்தான். பல் துலக்கினான். கிணற்றில் இறைத்துக் குளித்தான். வீட்டை ஒட்டிய சாலையோரத்துப் பெட்ரோல் பங்க்கைத் திறந்து, பம்பின் கைப்பிடியைத் துணியால் துடைத்து, ஸ்டூலை வெளியே போட்டு உட்கார்ந்தான். கிருஷ்ணகிரி பக்கமிருந்து வண்டி வந்தால் பெட்ரோல் அடிப்பான். ஓசூர் பக்கமிருந்து வந்தாலும் அடிப்பான்.

அவன் சேலத்தில் பி.ஏ. படித்தவன் என்று குருபரப்பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். பெண்டாட்டி காவேரி தலைப்பிரசவத்தில் குழந்தையோடு போய்விட்டாள் என்பதும் தெரியும். அன்றைக்கு அவன் அழவில்லை என்பதும் தெரியும். அதற்குப் பிறகும் அழவில்லை.

அன்று அவன் உட்கார்ந்த சற்று நேரத்தில் தூறல் ஆரம்பித்தது. தூறலோடு ஒரு நீளமான வண்டி வந்து எதிரே புளியமரத்தடியில் நின்றது. பாதி வண்டி, பாதி வீடு. சன்னலுக்குப் பூப்போட்ட திரை. உள்ளே கட்டில், ஸ்டவ், கை கழுவத் தொட்டி. பக்கவாட்டில், பின்சக்கரத்துக்கு மேலே, சாமான் வைக்க ஒரு தகர அறை. ஊர் ஊராகப் போய்க் கண் வைத்தியம் பார்க்கும் வண்டி அது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் முகாம்.

அந்தத் தகர அறையின் கதவை ஒருத்தி காலால் உதைத்துக்கொண்டிருந்தாள். நர்சுகள் உடுத்தும் வெள்ளைப் புடவை. மழையில் நனைந்த முன்மயிர். உதைத்துவிட்டு, விரல் வலித்து, ஒற்றைக்காலில் நொண்டினாள்.

முனிராஜ் எழுந்து போனான். ஏன் போனான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"உதைச்சா தெறக்காதுங்க."

"கெஞ்சியும் பாத்துட்டேன் சார். அதுக்கும் தெறக்கல."

"சாவி?"

"சாவி சுத்துது. தாழ்ப்பாள்தான் நகர மாட்டேங்குது. மருந்தெல்லாம் உள்ள இருக்கு. டாக்டர் வர்றதுக்குள்ள எடுக்கலேன்னா என்னை உள்ள வச்சுப் பூட்டிடுவாரு."

"அதுக்கும் மொதல்ல தெறக்கணுமே."

சொன்ன பிறகுதான் அது ஒரு வேடிக்கைப் பேச்சு என்று அவனுக்குப் பட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பெரிய கண்கள்... மழைக்கு இமைக்காத கண்கள். சிரித்தாள்.

அவன் குனிந்து பார்த்தான். தாழ்ப்பாள் ஓடும் காடி முழுக்க மஞ்சளாக ஏதோ கெட்டிப்பட்டிருந்தது.

"இது என்னா?"

"சந்தனம் சாமி!" என்றார் டிரைவர் நாராயணப்பன், வண்டிக்கு அந்தப் பக்கமிருந்து. பெங்களூர்ப் பக்கத்துக்காரர், தலை நரைத்தவர். "வெள்ளிக்கெழம தவறாம வக்கிறேன். இன்ஜினுக்கு, சக்கரத்துக்கு, எல்லாப் பூட்டுக்கும்."

"மேல வச்சா போதாதா? உள்ள எதுக்குத் திணிக்கிறீங்க?"

"திருடன் கை வக்கிற எடம் அதுதானே? அங்கதான் சாமி வேணும்!"

"திருடன் வரல டிரைவரண்ணா. நான்தான் வந்தேன்," என்றாள் அவள். கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி முனிராஜிடம் நீட்டினாள். "இதால நோண்டிப் பாருங்க. திருப்பிக் குடுத்துரணும், ஆமா."

ஊசி வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு பெண்ணின் தலைமயிர்ச் சூட்டை அவன் விரல்கள் மறந்து போயிருந்தன. பங்க்கிலிருந்து மண்ணெண்ணெய் எடுத்து வந்து விட்டான், நோண்டினான், ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தட்டினான். தாழ்ப்பாள் விடுபட்டது. விடுபட்ட வேகத்தில் ஒரு துகள் தெறித்து அவன் கண்ணில் விழுந்தது.

"கசக்காதீங்க! கையை எடுங்க... மேல பாருங்க. என்னை இல்ல சார், மேல!"

இரண்டு விரலால் இமையைப் பிரித்து, பஞ்சால் துகளை ஒற்றி எடுத்தாள். அவள் மூச்சு நெற்றியில் பட்டது. அவன் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. நிற்கவில்லை. அடுத்த கண்ணிலிருந்தும் இறங்கியது.

"மருந்து எரியுதுங்க," என்றான்.

அவள் கையிலிருந்த பஞ்சைத் தாழ்த்தினாள்.

"மருந்து இன்னும் விடலையே சார்," என்றாள் மெதுவாக.

அவள் பெயர் சாந்தம்மா.

மறுநாள் காலையும் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. அதற்கு மறுநாளும். ஒவ்வொரு காலையும் சாலையைக் கடந்து வந்து நிற்பாள்.

"பி.ஏ. சார், பி.ஏ. சார்... உங்க வைத்தியம் ஒரு நாளைக்குத்தான் தாங்குது போல."

"வெலைக்குத் தகுந்த வைத்தியம் நர்சம்மா."

"அப்ப நாளைக்கும் இலவசம்தானே?"

மூன்றாவது முறை காடியைத் தடவிய விரலை முகர்ந்து பார்த்தான். சந்தனம் ஈரமாக இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை இல்லை. நாராயணப்பன் தூரத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டு, மரத்தைப் பார்த்துச் சிரித்தார். அவள் வலதுகை விரலில் மஞ்சள் கறை... முந்தானையில் மறைத்தாள். முனிராஜ் ஊசிக்குக் கை நீட்டினான். அன்று சாயங்காலம் பம்பைத் துடைத்தபோது தான் சீட்டியடிப்பது அவன் காதிலேயே விழுந்தது.

அடுத்த நாள் அவன் தாழ்ப்பாளோடு உட்கார்ந்திருந்தபோது அம்மா மங்கம்மா வந்தாள். கையில் காப்பித் தூக்குப்போசி, பித்தளை டம்ளர்கள். மகன் சிரிக்கிறான் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். டிரைவருக்கு ஊற்றிக் கொடுத்தாள். சாந்தம்மாவுக்கும் ஊற்றினாள்.

"குடிம்மா. லட்சணமா இருக்க. எந்தூரு?"

"தேன்கனிக்கோட்டப் பக்கம்மா."

"அங்க நமக்குச் சொந்தம் இருக்குதே! யார் வூடு?"

"கரியப்பன் மகம்மா. சேரி."

ஒளிக்காமல் சொன்னாள். டம்ளர் அவள் உதட்டுக்கு அருகில் போயிருந்தது. மங்கம்மா கை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

"கைய ஏந்து கண்ணு. ஊத்தறேன்."

குரலில் கோபமே இல்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

சாந்தம்மா முனிராஜைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. "அம்மா, குடு அதை" என்று அவன் சொன்னால் போதும். அவன் பி.ஏ. படித்தவன். படித்ததெல்லாம் தொண்டை வரை வந்தது. கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"வேணாம்மா. தாகம் போயிருச்சு," என்றாள் சாந்தம்மா.

மறுநாள் தாழ்ப்பாள் சிக்கவில்லை.

அதற்கு மறுநாளும் சிக்கவில்லை. அவள் சாலையின் அந்தப் பக்கத்திலேயே இருந்தாள். கிழவர்களுக்குக் கண்ணில் மருந்து விட்டாள். அவர்களோடு சிரித்துப் பேசினாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை வண்டி அடுத்த முகாமுக்காகத் தளிக்குப் புறப்படுகிறது என்று நாராயணப்பன் பெட்ரோல் போட வந்தபோது சொன்னார். வெள்ளிக்கிழமை விடியுமுன் முனிராஜ் அடுக்களைக்குப் போனான். சத்தமில்லாமல் காப்பி போட்டான். அதே பித்தளை டம்ளரில் ஊற்றினான். மழையில், ஒரு கையால் டம்ளரை மூடிக்கொண்டு சாலையைக் கடந்தான்.

அவள் படியில் நின்றிருந்தாள்.

"குடிங்க," என்றான்.

அவள் வாங்கவில்லை. "அன்னிக்கு உங்க கையில ஸ்க்ரூ டிரைவர் இருந்துச்சு. வாயில என்னங்க இருந்துச்சு?"

அவனிடம் வேறொன்று இருந்தது. அதைச் சொன்னான். தட்டுத் தடுமாறி, மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "செத்தவனாட்டம் இருந்தேன் சாந்தம்மா. நீங்க வந்தப்புறம்தான்... நீங்க இல்லாம இனிமே முடியாது. கட்டிக்கறேன். நெசமா."

அவள் கண்கள் நிறைந்தன. இந்த முறை அவள் இமைத்தாள்.

"சந்தனம் நான்தான் வச்சேன்," என்றாள். "மனசு இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். தெனமும் உங்க கையப் பாக்கணும்னுதான் வச்சேன்." பிறகு அவன் முதுகுக்குப் பின்னால், இருட்டாயிருந்த அவன் வீட்டைப் பார்த்தாள். "அம்மா எழுந்துட்டாங்களா?"

"இல்ல... தூங்கறாங்க."

"தெரியும்."

வண்டி உறுமியது. நாராயணப்பன் கீழிறங்கி எல்லாப் பூட்டுக்கும் பொட்டு வைத்துவிட்டு ஏறினார். அவள் டம்ளரின் மேல் ஒரு விரலை வைத்து, மெல்ல அவன் பக்கமே தள்ளினாள். ஒரு வார்த்தை சொன்னாள். கதவு மூடியது.

வீட்டுக்கு வந்தபோது மங்கம்மா எழுந்திருந்தாள்.

"யாருக்குடா காப்பி?"

"யாருக்கும் இல்லம்மா," என்றான். காப்பியைக் கொட்டினான். டம்ளரைக் கழுவி, மற்ற டம்ளர்களோடு கவிழ்த்தான். பங்க்கைத் திறந்தான். கைப்பிடியைத் துடைத்தான். ஸ்டூலை வெளியே போட்டு உட்கார்ந்தான்.

தளிக்குத் தினமும் பஸ் போகிறது. அவன் போகவில்லை. தூறல் விழும் காலைகளில், அவள் காத்திருப்பேன் என்று சொன்னதாக அவனுக்குத் தோன்றும். மறந்துவிடுங்கள் என்று சொன்னதாகவும் தோன்றும். இரண்டையும் அவள் சொல்லவில்லை. அவள் சொன்னது இதுதான்:

"உங்கம்மா முன்னாடி குடுங்க. குடிக்கிறேன்."