நரிதான் என்றார்கள்

பாரிஸில் பல வருடங்கள் இருந்துவிட்டு, 2009 ஒக்ரோபரில் சுந்தரராஜனும் கல்யாணியும் லண்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். மிச்சம் என்ற பகுதியில், ட்ராம் பாதைக்கு அப்பால், பெரிய புல்வெளியை ஒட்டிய வரிசையில் கடைசி வீடு. பழைய செங்கல் வீடு. மேல்மாடி அறைகளை வாடகைக்குக் கொடுப்பது சுந்தரராஜனின் எண்ணம்.

பெட்டிகளை இறக்கி வைத்த கையோடு கல்யாணி பின்கதவைத் திறந்தாள். முள்ளுப்பற்றை, சரிந்த வேலி, அதற்கப்பால் ஈரம் ஊறிய புல். அங்கிருந்து ஒரு வாடை வந்தது. பூனை மூத்திரமும் பழைய இரத்தமும் கலந்தது போல.

“நரியாயிருக்கும். லண்டன் முழுக்க நரிதான்,” என்றான் சுந்தரராஜன்.

அவள் கதவைச் சாத்தினாள். அந்த வருடம் முழுவதும் அவள் அதிகம் பேசவில்லை. இலங்கையில், போர் நடந்த வன்னியில் நின்ற அவளுடைய தம்பியிடமிருந்து ஏப்ரலுக்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. அவன் உயிரோடு இல்லை என்று மட்டும் தன் வாயால் சொல்லமாட்டேன் என்று சுந்தரராஜன் அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தான்.

நவம்பர் பிறந்ததும் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டத் தொடங்கியது. அந்த மங்கலில்தான் முதல் அழுகை கேட்டது. செத்த வீட்டில் தலைவிரித்து அழும் பெண்ணின் குரல். புல்வெளியின் நடுவில் எழுந்து, நீண்டு, சட்டென்று அறுந்தது. சனங்கள் அது பூமா என்ற பெரிய காட்டுப்பூனை என்கிறார்கள், கவுன்சில் அப்படி ஒன்றும் இல்லை என்கிறது என்று ட்ராமில் யாரோ கதைத்ததை சுந்தரராஜன் சிரித்தபடி சொன்னான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் அதைக் கண்டார்கள்.

கொடியில் கிடந்த உடுப்புகளை எடுக்கப் போயிருந்தார்கள். வேலியோரம் நின்ற பழைய கொட்டிலின் கூரையில் ஏதோ படுத்திருந்தது. காய்ந்த மண்ணின் நிறம். ஆள் நீளம். கூரை விளிம்பில் தொங்கிய தடித்த வால் மெல்ல மெல்ல அசைந்தது. சுந்தரராஜன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

“அசையாதையும்.”

குளிரில் அவர்கள் இருவரின் மூச்சும் வெள்ளையாகப் புகைந்தது. அது வாயைத் திறந்து இரைத்துக்கொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து புகை வரவில்லை.

பிறகு ஓசையே இல்லாமல் கீழே இறங்கி வேலிக்கு அப்பால் போனது. சேற்றில் அவள் உள்ளங்கையளவு அகலத்தில் தடங்கள் பதிந்திருந்தன.

கல்யாணி தனக்குத் தெரிந்த இங்கிலீசில் கவுன்சிலுக்குப் போன் எடுத்தாள். ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். அந்த ஆள் வரவிருந்த காலையில் மேல்மாடி ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். சுந்தரராஜன் கொட்டிலடியில் குனிந்து நின்று, வாருகோலால் சேற்றை இழுத்து மட்டமாக்கிக்கொண்டிருந்தான். தடங்கள் இருந்த இடம்.

ஓடி இறங்கி வந்தாள். “என்ன செய்யிறீங்கள்?”

“சருகு கூட்டுறன்.” அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வந்த அதிகாரி உயரமான வெள்ளைக்காரன். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. அவள் சொன்னதைப் பாதியில் நிறுத்தி, அது நரி என்றான். இந்த ஊரில் அப்படிப்பட்ட மிருகம் எதுவும் கிடையாது. பிறகு சுந்தரராஜன் பக்கம் திரும்பி, உனக்குத்தான் தெரியுமே, உன் வாயாலேயே சொல் என்றான்.

கல்யாணி கணவனின் முகத்தையே பார்த்தாள். இப்போதாவது சொல்வான் என்று நின்றாள்.

சுந்தரராஜன் நிலத்தைப் பார்த்தபடி இங்கிலீசில் கதைத்தான். அவளுக்கு எல்லாம் விளங்கவில்லை. ‘மனைவி’, ‘மனம் சரியில்லை’ என்பவை விளங்கின. அதன் பிறகு, ‘தம்பி செத்துவிட்டான்’.

“ஒன்றுமில்லை,” என்று முடித்தான். “அங்கே ஒன்றும் இல்லை.”

அதிகாரி கண்ணை மூடி நீண்ட மூச்சு விட்டான். நன்றி சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகக் காருக்குப் போனான்.

அவள் கணவனின் சட்டையைப் பிடித்தாள்.

“என்ரை தம்பியைச் சாகக் குடுத்துப்போட்டியளே. எதுக்கு?”

“இந்தக் கதை பரவினா இஞ்சை ஆர் வாடகைக்கு வருவினம்? கொஞ்சம் யோசியும், கல்யாணி.”

அன்றே ஒரு பையோடு கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸில் இருந்த தங்கை ஜெயகௌரியின் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஏழெட்டு நாள் போயிருக்கும். ஜெயகௌரி வேலைக்குப் போயிருந்த பின்னேரம் சுந்தரராஜன் போன் எடுத்தான். குரல் அடங்கிக் கிடந்தது.

“அது உள்ளுக்கை வந்திட்டுது.”

“எப்ப?”

“அண்டைக்கே. அந்தாள் போன உடனை. படியிலை படுத்திருக்குது. என்னை இறங்க விடுகுதில்லை.”

போனுக்குள் இன்னொரு மூச்சு கேட்டது. கனமாக. மிகப் பக்கத்தில்.

“நீரும் ஒருக்கா இல்லையெண்டு சொல்லும். கண்ட ஆள் சொன்னா அது போகும். எனக்கு நல்லாத் தெரியும்.”

“ஏலாது. நான் கண்டனான்.”

“கல்யாணி... என்னைக் கொல்லப் போகுது.”

அவன் அழுதான். தம்பி செய்திக்காகக் காத்திருந்த இரவுகளில் அவளோடு விழித்திருந்தவன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“இல்லை,” என்றாள். “அங்கை ஒண்டும் இல்லை.”

மற்ற மூச்சு நின்றது.

“போட்டுது,” என்றான் அவன். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. “அண்டைக்கு வந்த கவுன்சில் ஒவ்விசரும் எனக்கு இதைத்தான் செய்தவன். இல்லையெண்டு சொல்லுற ஆளிட்டைத்தான் அது போகும். என்னை மன்னியும்.”

லைன் அறுந்தது.

கல்யாணி போனைப் பிடித்தபடியே நின்றாள். தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறான். தெரிந்துகொண்டே அழுதிருக்கிறான்.

ஆளில்லாத மேல்மாடியில் பலகை முனகியது.

ஒரு அடி.

இன்னொரு அடி.

முன்கதவில் திறப்புச் சத்தம். ஜெயகௌரி கோட்டை உதறியபடி உள்ளே வந்தவள், தலையை நிமிர்த்திக் கேட்டாள்.

“அக்கா, மேலை ஆர் நடக்கினம்?”

ஒருத்தருமில்லை என்ற சொல் கல்யாணியின் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

“இருக்குது, கௌரி,” என்றாள். “மேலை ஒண்டு இருக்குது. கதவைச் சாத்தாதை. வா, வெளியிலை போவம்.”

தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். இருவரும் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

மேல்மாடி ஜன்னலின் திரை, உள்ளிருந்து யாரோ ஒதுக்குவதுபோல, மெல்ல விலகியது.