நாடி எழுபத்திரண்டு

காலையில் பார்த்ததிலிருந்து அப்பாவின் நாடி எழுபத்திரண்டிலேயே நின்றது. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. உயிருள்ள மனிதருக்கு அப்படி நிற்காது. சர்வரில்தான் கோளாறு என்று புனிதாவுக்குத் தெரியும். அதனால் வந்தது பயமில்லை, எரிச்சல்.

ஈப்போவில் கடை வீட்டு மாடியில் அவள் அலுவலகம். கீழிருந்து கருகலாக ஏறிவரும் காப்பிக் கொட்டை வாடையும், ஜன்னல் தகரத்தில் விடாமல் அடிக்கும் சாயங்கால மழையும், ஒழுகும் குளிர்சாதனப் பெட்டிக்கு வைத்த வாளியில் விழும் சொட்டும் சேர்ந்து அவள் மண்டையைக் குடைந்தன. தனியாக வாழும் முதியவர்களின் கைப்பட்டையிலிருந்து நாடித் துடிப்பை வாங்கி, பிள்ளைகளின் போனுக்கு ஜேசன் என்ற தரவுப் பொட்டலமாகக் கட்டி அனுப்பும், டெல்பி மொழியில் எழுதிய சர்வர் அது. எழுதியவன் சிங்கப்பூருக்கு ஓடிவிட்டான்.

"நாளைக்கு கஸ்டமர் வாரான். செப்பாட், சீக்கிரம் முடிச்சிருலா, சின்ன பக்தானே" என்று சொல்லிவிட்டு முதலாளி சுகுமார் குடையோடு கிளம்பிவிட்டார். சின்ன பக்காம், சின்னப் பிழையாம். அவர் அப்பன் கையிலா அந்தப் பட்டை கிடக்கிறது?

அவள் அப்பா ஜெயபாலன் பத்து காஜா ஊருக்கு அப்பால், ரப்பர் போய் செம்பனை வந்துவிட்ட தோட்டத்தில், பாதி காலியான தொழிலாளர் லயத்தை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிப்பவர். வாதாடித் தோற்றுத்தான் அந்தப் பட்டையை மாட்டிவிட்டு வந்திருந்தாள்.

போன் அடித்தது. அப்பா.

"சாப்டியாமா? மழை கறுக்குது. துணி எடுக்கணும்."

"தெனம் இதையேதான் சொல்றீங்க. வேலையில இருக்கேன்லாப்பா."

அவர் பக்கம் மழைச் சத்தம்கூட இல்லை. அவளே துண்டித்தாள்.

நிரலில் வரி வரியாக இறங்கியபோது கோளாறு அகப்பட்டது. டெல்பியில் தாய் ஜேசனை நினைவகத்திலிருந்து விடுவித்தால் உள்ளே இருக்கும் பிள்ளைப் பொருள்களும் அதோடு போய்விடும். போன பிள்ளையை, எழுதிப்போட்டு ஓடிய அந்த மடையன் ஒரு மாறியில் இன்னும் பிடித்து வைத்திருந்தான். பட்டையிலிருந்து பூஜ்யம் வந்தால் கருவிப் பிழை என்று தள்ளிவிட்டு, சர்வர் அந்தப் போன பொருளிடமே கடைசி எண்ணைக் கேட்டது. அழிந்த இடத்தில் பழைய எண் அப்படியே கிடந்ததால் அதுவும் பதில் சொன்னது. காலி செய்த வீட்டின் வாசலில் கூப்பிட, உள்ளிருந்து யாரோ குரல் கொடுக்கிற மாதிரி.

வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவனைத் திட்டிக்கொண்டே திருத்தினாள். சர்வரை மறுபடி ஓட்டினாள்.

திரையில் எழுபத்திரண்டு போய்விட்டது. செவ்வாய்க்கிழமையிலிருந்து பூஜ்யம். இன்று வெள்ளி.

கழற்றி எறிந்துவிட்டார். வேறென்ன? தினமும் பேசுகிற மனிதர். இப்போதுகூடப் பேசினார். அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. நெஞ்சின் ஓரத்தில் வேறொன்றும் அசைந்தது. அதை நினைக்கவே அவள் மறுத்தாள். அலுவலக போனை எடுத்து, அப்பாவின் பக்கத்து வீட்டு ராக்காயி அக்காவைக் கூப்பிட்டாள். தைப்பிங்கில் மகள் வீட்டிலிருந்து அன்றுதான் திரும்பியிருந்தாள் அக்கா.

"அப்பா பட்டையக் கழட்டிட்டாரு போல. எட்டிப் பாருங்கக்கா. இன்னைக்கு அவரை விடப் போறதில்ல நான்."

சேற்றில் செருப்புச் சத்தம். தகரக் கூரையில் மழை. கதவைத் தள்ளும் சத்தம்.

"அக்கா?"

"புனிதாமா." அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினாள். "நீ தனியா வராத. யாரையாச்சும் கூட்டிக்கிட்டு வா. நாத்தம் தாங்கலமா. நாள் ஆயிருச்சி."

"இல்லக்கா. இப்பதான் பேசினாரு."

"பட்டை கையிலதான் கெடக்கு. கையி ஊதி, அதுக்குள்ள புதைஞ்சி போச்சி."

மேசையில் அவளுடைய போன் அடித்தது.

அப்பா.

எடுத்தாள். மறுகாதில் வைத்தாள்.

மழை. தகரக் கூரை மழை. இரண்டு காதிலும் ஒரே மழை. ராக்காயி அக்காவின் விசும்பல், இரண்டு காதிலும்.

"அக்கா. அப்பா போன் எங்க இருக்கு?"

"அவரு காதுல."

விசும்பல் நின்றது.

"வாயி அசையுதுமா."